மறுப்பில் மிஞ்சும் கடவுள்

மைமோனிடஸை முதலில் படித்தபோது, நமக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார் என்றிருந்தது. 1190 வாக்கில் எகிப்தில் இருந்துகொண்டு, எபிரேய எழுத்தில் அரபியாக, அவர் எழுதிய 'குழம்பியோர்க்கு வழிகாட்டி' கடவுள்மீது எந்தப் பண்பையும் ஏற்றக்கூடாது என்கிறது. 'அறிந்தவர்' என்றால் அறியாமை இல்லாதவர், அவ்வளவுதான். கட்டுடைப்பின் முன்னோடி என்று கூட்டங்களில் நானும் அளந்திருக்கிறேன்.

ஹஸ்தாய் கிரெஸ்காஸ் வந்து அதைக் கெடுத்தார். அறியாமை இல்லையென்றால் அங்கே அறிவு இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்பது அவர் வாதம். 1410இல் முடித்த 'ஆண்டவரின் ஒளி'யில் கடவுளுக்கு அன்பு, மகிழ்ச்சி எல்லாம் உண்டு. அவருடைய ஒரே மகன் 1391இல் பார்சிலோனாவில் யூதர்களைக் கொன்று குவித்தபோது செத்தவன்.

துக்கம்தான் அப்படி எழுத வைத்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மைமோனிடஸின் தம்பி தாவீதும் வியாபாரத்துக்குப் போய் இந்தியப் பெருங்கடலில் மூழ்கியவர். அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையாய்க் கிடந்தார். 'வழிகாட்டி' அதற்குப் பிறகு எழுதியதுதான். ஆக, சாவை வைத்துப் பிரதியைத் திறக்கிற சாவி இங்கே செல்லாது.

வாதத்தைத்தான் பார்க்க வேண்டும். சுவருக்குப் பார்வை இல்லை என்கிறோமே, அந்த மாதிரி மறுப்பு இது என்கிறார் மைமோனிடஸ். கெட்டியான பதில்தான். ஆனால் சுவரிடம் போய் யார் மன்றாடுவது? நான் இப்போது கிரெஸ்காஸ் பக்கம்.