பாய்ந்தது வேனா?

வேதாரண்யம் பக்கத்தில் பல ஊர்ப் பெயர்கள் ‘புலம்’ என்று முடியும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், குரவப்புலம், கத்தரிப்புலம். மணல் மேட்டில் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் குளம், குளத்தை ஒட்டி ரோடு. 2009 டிசம்பர் முதல் வாரத்தில், கத்தரிப்புலம் அருகே பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பள்ளி வேன் ஒன்று அப்படியொரு குளத்துக்குள் போனது. ஒன்பது குழந்தைகளும் 21 வயது ஆசிரியை ஒருவரும் இறந்தார்கள். டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று சொல்லப்பட்டது. அந்த ஆசிரியை பல பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு மூழ்கிப்போனார்.

இதை எழுதும்போதே கை வேறு சொற்களுக்குத் தாவப் பார்க்கிறது. ‘வேன் குளத்தில் பாய்ந்தது.’ ‘பிஞ்சு உயிர்கள் பலி.’ ‘குளம் காவு வாங்கியது.’ இவற்றை யாரும் யோசித்து எழுதுவதில்லை. தயாராக இருக்கின்றன, எடுத்துப் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் நின்று இவற்றின் இலக்கணத்தைப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் எழுவாய் வேன். மூன்றாவதில் குளம். நடுவில் இருக்கும் ‘பலி’ இன்னும் மோசம். பலி என்பது தெய்வத்துக்குக் கொடுப்பது. கொடுத்தது யார், வாங்கிக்கொண்டது யார் என்று அந்தச் சொல்லிடம் கேட்டால் பதில் வராது.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வாக்கியம் அமைப்பது ரொம்ப சுலபம். கவிதைக்கு அது வசதி. குழந்தைகளின் மரணத்தைப் பற்றி எழுதும்போது அந்த வசதியே பிரச்சினை ஆகிவிடுகிறது என்பதுதான் என் புகார்.

போலீஸ் ஸ்டேஷனின் தமிழ் இதற்கு மாற்றா என்றால், அதுவும் இல்லை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்பது முதல் தகவல் அறிக்கைகளின் நிரந்தர வரி. இங்கே எழுவாய் உண்டு, ஆனால் ஒரே ஒருவர்: டிரைவர். இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை ஐந்து ஆண்டு ஆக்கியிருக்கிறது. தண்டனை கூடியது, சரி. கதாபாத்திரம் மாறவில்லை. போன் பேசிய டிரைவர் குற்றவாளிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அந்த வேனில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேர் ஏறினார்கள்? ரோட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியது எந்த அலுவலகம்? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் இடமே கிடையாது.

ஆசிரியையின் தியாகத்துக்கும் இதே கதிதான். அவரைப் பற்றிக் கண்ணீர் வராமல் பேச முடியாது. நானும் கல்லூரி நாட்களில் அவரைத் தாயாக, தெய்வமாக ஆக்கி ஒரு கவிதை எழுதினேன், கைதட்டலும் கிடைத்தது. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அவரைத் தெய்வமாக்கியதும், அவர் ஏன் அந்தத் தண்ணீரில் தனியாக இருந்தார் என்ற கேள்வி காணாமல் போயிருக்கிறது. அவர் செய்தது பலர் செய்யத் தவறிய வேலை.

அதே டெல்டாவில் கும்பகோணம். 2004 ஜூலை 16. கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள். ஆண்டுதோறும் நினைவு நாளில் மொட்டுகளும் மலர்களும் கருகிக்கொண்டே இருக்கும் கவிதைகள் வருகின்றன. அவற்றைவிட நான் கூர்மையாகப் படித்தது குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியலைத்தான். பள்ளி நிறுவனர், சமையல்காரர், தொடக்கக் கல்வி அலுவலகத்துக்காரர்கள், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளர். தீ எந்த மேஜைகள் வழியாக வந்தது என்று காட்டும் பட்டியல் அது. 2014 ஜூலை 30-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. நிறுவனருக்கு ஆயுள். 2017-இல் உயர் நீதிமன்றம் அதை அவர் சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. பட்டியல் நீளமாகத் தொடங்கி, மேல்முறையீட்டில் கரைந்தது.

இதற்குக் கோபமாக எதிர்வினை செய்பவர்கள் ‘இது விபத்தல்ல, கொலை’ என்று எழுதுவார்கள். எனக்கு அதுவும் போதவில்லை. சட்டம் கவனக்குறைவையும், உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்வதையும் தனித்தனியாக வைக்கிறது. அந்த வேறுபாடு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: யாருக்கு, எப்போது, என்ன தெரிந்திருந்தது? நாவலாசிரியரும் இதையேதான் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கொலை என்று ஒரே மூச்சில் சொன்னால் அந்தக் கேள்வியும் கரைந்துவிடும்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே, ஸ்கூல் பஸ்ஸின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ரோட்டில் விழுந்து இறந்தாள். அப்போது எழுந்த கேள்வி, ‘இந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டது யார்?’ உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வண்டியில் ஓர் உதவியாளர், ஆண்டுதோறும் ஆய்வு. விதி வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் ஒரு சரியான எழுவாய் அந்தப் பக்கங்களை எழுத வைத்தது.

2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம். ரயில் பள்ளி வேனில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கேட் கீப்பர் தூங்கிட்டாரா என்பதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற இன்டர்லாக்கிங் அந்த கேட்டில் இல்லை என்பது அந்தச் சத்தத்தில் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. பதினாறு ஆண்டுகளில் நாம் டிரைவரிலிருந்து கேட் கீப்பர் வரைக்கும்தான் வந்திருக்கிறோம்.

1966-இல் வேல்ஸில் ஆபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். மரண விசாரணையில் மூச்சுத்திணறல் என்று காரணத்தை வாசித்தபோது ஒரு தகப்பன் எழுந்து, தன் பிள்ளை நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது என்று பதிவு செய்யச் சொன்னார். அங்கும் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் விசாரணை ஆணையம் வாரியத்தைப் பெயர் சொல்லிப் பொறுப்பாளியாக்கியது. அவர் கேட்டது ஒரு வாக்கியத் திருத்தம், அவ்வளவுதான்.

வேதாரண்யத்தைப் பற்றி, கும்பகோணத்தைப் பற்றி எழுத இன்னும் யாராவது உட்காரத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். முதல் டிராஃப்டில் வேன் பாயும், தீ நாக்கை நீட்டும், எனக்கும் அப்படித்தான் வரும். இரண்டாவது டிராஃப்டில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ‘யார்?’ என்று பென்சிலால் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.