விட்டுப் போன நான்கு ஆண்டுகள் கட்டிய கோப்பை

கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ், மயாமியில் நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு, 2014 ஜூலையில் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணிக்குத் திரும்பிய கதையை எல்லோரும் ஊர்ப்பாசத்தில் தொடங்கி 2016 கோப்பையில் முடிப்பார்கள். அந்தப் பாசம் உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் களத்தில் நடந்ததை மட்டும் வைத்து அலசினால், கதையை 2011 பிப்ரவரியில் நடந்த ஒரு வீரர் பரிமாற்றத்தில் தொடங்க வேண்டும். கேவலியர்ஸ் அன்று மோ வில்லியம்ஸை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு, வயதும் சம்பளமும் ஏறிப்போன பேரன் டேவிஸை வாங்கிக்கொண்டது. அந்தச் சம்பளச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டதற்குக் கூலியாக, கிளிப்பர்ஸின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் கிளீவ்லேண்டுக்கு வந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் டிராஃப்டில், புதுமுக வீரர்களை எடுக்கும் வரிசையின் முதல் சில இடங்களைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டுகளில், அதிகம் தோற்ற அணிக்கு முதலிடம் கிடைக்க வாய்ப்பு அதிகமாக இருந்தது. கிளிப்பர்ஸிடமிருந்து வந்த அந்த உரிமைக்கு முதலிடம் விழ 2.8 சதவீத வாய்ப்புதான் இருந்தது. விழுந்தது. அதை வைத்து எடுக்கப்பட்டவர் கைரி இர்விங். கேவலியர்ஸ் தன் சொந்தத் தோல்விகளால் சம்பாதித்த உரிமை நான்காம் இடத்துக்குத்தான் வந்தது. அதில் டிரிஸ்டன் தாம்சன் வந்தார். 2014இல் மறுபடி அதே அதிர்ஷ்டம்: 1.7 சதவீத வாய்ப்பில் முதலிடம், ஆண்ட்ரூ விகின்ஸ்.

ஜேம்ஸ் போகாமல் இருந்திருந்தால் இவர்களில் ஒருவர்கூட அந்தச் சீருடையை அணிந்திருக்க மாட்டார்கள். அவர் இருந்த கடைசி இரண்டு சீசன்களில் அணி 66, 61 ஆட்டங்களை வென்றது. அப்படி வெல்லும் அணிக்கு டிராஃப்டில் கடைசி இடங்கள்தான் மிஞ்சும். அதனால்தான் முதல் ஏழு ஆண்டுகளும் ஜேம்ஸுக்குப் பக்கத்தில் அவர் தரத்துக்கு ஈடான ஒரு ஆட்டக்காரரை நிர்வாகத்தால் கொண்டுவர முடியவில்லை. 2007 இறுதித் தொடரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் 4-0 என்று தோற்றதும், 2010இல் பாஸ்டனிடம் அரையிறுதிக்கு முந்தைய சுற்றிலேயே வீழ்ந்ததும் அந்தப் பற்றாக்குறையின் விளைவுகள். அவர் போனார், அணி சரிந்தது. சரிந்ததால் முதலிடங்கள் கிடைத்தன. அந்த முதலிடங்கள்தான் அவர் திரும்பி வருவதற்கு ஒரு அணியைத் தயார் செய்து வைத்தன. பிரிவில்லாமல் இந்தக் கோப்பை இல்லை என்பதே என் முடிவு.

பிரிந்த விதம் கொடுமையானது. 2010 ஜூலை 8 அன்று, நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தார். அதுவரை அணி நிர்வாகமும் ரசிகர்களும் பதில் தெரியாமல் காத்திருந்தார்கள். அன்றிரவே கிளீவ்லேண்ட் தெருக்களில் 23ஆம் எண் சட்டைகளைக் கொளுத்தினார்கள். உரிமையாளர் டான் கில்பர்ட், ஜேம்ஸுக்கு முன்னால் நாங்கள் கோப்பை வெல்வோம் என்று சவால் விட்டு ஆத்திரக் கடிதம் எழுதினார். லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அடுத்த சீசனில் அணி 26 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, 19 வெற்றி, 63 தோல்வி என்று முடித்தது.

அந்த ஊர் அவ்வளவு கொதித்ததற்கு ஒரு பின்னணி உண்டு. எஃகும் எண்ணெயும் வளர்த்த நகரம் அது. 1950இல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, ஆலைகள் மூட மூட, நான்கு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. விளையாட்டிலும் அதே கதைதான். அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸ் 1964இல் பட்டம் வென்றதற்குப் பிறகு, அந்த நகரத்தின் எந்தப் பெரிய அணியும் கோப்பையைத் தொடவில்லை. தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆக்ரனில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் ஆடி, 2003 டிராஃப்டில் முதல் ஆளாகச் சொந்த வட்டார அணிக்கே வந்த பையன் போனபோது, தங்கள் பிள்ளையே கைவிட்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சட்டையைக் கொளுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. அதன் பின்னாலிருந்த வலியைக் கேலி செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

மயாமியில் ஜேம்ஸ் வேறு ஆட்டக்காரரானார். 2011 இறுதித் தொடரில் டல்லாஸிடம் தோற்றபோது அவருடைய சராசரி 17.8 புள்ளிகள். கடைசிக் கால்பகுதிகளில் பந்தைக் கேட்டு வாங்கவே தயங்கியவர்போல் நின்றார். அந்தக் கோடையில் ஹூஸ்டனுக்குப் போய், முன்னாள் மேதை ஹக்கீம் ஒலஜுவோனிடம் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் கலையைப் படித்தார். தூரத்திலிருந்து எறிந்து வீணாக்குவதைக் குறைத்து, உள்ளே இறங்கி ஆடினார். 2012, 2013 என்று இரண்டு கோப்பைகள் வந்தன. மயாமியில் கடைசி சீசனில் அவருடைய எறிதல் துல்லியம் 56.7 சதவீதம். பெரிய தொடர்களின் கடைசி வாரங்களில் உடலையும் மனதையும் எப்படி மிச்சம் வைத்திருப்பது என்பதையும் அங்கேதான் கற்றார். ஒலிம்பிக் பதக்கங்களும் தனிநபர் விருதுகளும் தராத பாடம் அது.

திரும்பி வந்தபோது அவருக்கு வயது 29. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆலன் ஐவர்சன் பிலடெல்பியாவுக்குத் திரும்பியபோது வயது 34. கெவின் கார்னெட் மினசோட்டாவுக்குத் திரும்பியபோது 38. அவையெல்லாம் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்புவதற்கான வருகைகள். ஜேம்ஸ் தன் உச்சத்தில் வந்தார். 2014 ஜூலை 11 அன்று பத்திரிகைக் கட்டுரை வழியாக அறிவித்தபோது கோப்பையை உறுதியளிக்கவில்லை, பொறுமைதான் கேட்டார். அதே சமயம் ஒப்பந்தத்தை இரண்டே ஆண்டுக்குப் போட்டு, முதலாண்டு முடிவிலேயே விலகிக்கொள்ளும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டார். கட்டுரை ரசிகர்களிடம் பொறுமை கேட்டது. ஒப்பந்தமோ, காத்திருக்க நேரமில்லை என்று நிர்வாகத்திடம் சொன்னது. அந்தக் கட்டுரையில் இர்விங், தாம்சன் பெயர்கள் இருந்தன, முதலிடத்தில் வந்த விகின்ஸ் பெயர் இல்லை. ஆகஸ்டில் விகின்ஸ் மினசோட்டாவுக்குப் போனார், கெவின் லவ் வந்தார்.

முதல் சில மாதங்கள் சோதனை. அக்டோபர் 30 அன்று சொந்த அரங்கில் முதல் ஆட்டம், எதிரே நியூயார்க் நிக்ஸ். ஜேம்ஸ் 15 எறிதல்களில் ஐந்தை மட்டும் போட்டார், பந்தை எட்டு முறை பறிகொடுத்தார், அணி 95-90 என்று தோற்றது. ஜனவரி நடுவில் கணக்கு 19 வெற்றி, 20 தோல்வி. முதுகும் முழங்காலும் வலித்து எட்டு ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. இந்த இடத்தில் நிர்வாகம் செய்த வேலைக்குப் போதிய பாராட்டு கிடைத்ததில்லை என்பது என் கருத்து. ஜே.ஆர். ஸ்மித், இமான் ஷம்பர்ட் இருவரையும் நியூயார்க்கிலிருந்தும், ஏழடி உயர டிமோஃபி மாஸ்கோவை டென்வரிலிருந்தும் அந்த ஜனவரியில் ஒரே வாரத்தில் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து எறிய ஆள், வளையத்தடியில் காவலுக்கு ஆள் என்று இரண்டு ஓட்டைகளும் அடைபட்டன. மீதி 43 ஆட்டங்களில் 34 வெற்றி.

2015 இறுதித் தொடர், ஜேம்ஸ் தோற்ற தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது. லவ் முதல் சுற்றிலேயே தோள் விலகி வெளியேறிவிட்டார். இர்விங் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் முழங்கால் சில்லு உடைந்து போனார். மிஞ்சிய ஆட்களை வைத்து, ஆட்டத்தின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, ஒவ்வொரு முறையும் பந்தைத் தானே வாங்கி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை ஆறு ஆட்டம் வரை இழுத்தார். சராசரி 35.8 புள்ளி, 13.3 ரீபவுண்ட், 8.8 அசிஸ்ட். ஆனால் எறிதல் துல்லியம் 40 சதவீதத்தைத் தொடவில்லை. ஒருவர் எவ்வளவு தூரம் தனியாகத் தூக்க முடியும் என்பதற்கு எல்லை அங்கே தெரிந்தது.

மறு ஆண்டு ஜனவரியில், 30 வெற்றி, 11 தோல்வி என்று முன்னணியில் இருந்த அணியின் பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கினார்கள். ஐரோப்பாவில் மக்காபி டெல் அவிவ் அணியோடு பட்டம் வென்று வந்தவர் அவர், ஜேம்ஸ் வருவார் என்று தெரிவதற்கு முன்பே வேலைக்கு எடுக்கப்பட்டவர். இளம் வீரர்களை வளர்க்க அழைக்கப்பட்டவரை, கோப்பை கொண்டுவா என்ற அணியில் நிறுத்தியது அவர் தவறல்ல. அவர் இடத்துக்கு டைரோன் லூ வந்த பிறகு அணி சரியானது என்பது உண்மையே. இருந்தும் பிளாட்டுக்கு நடந்தது அநீதி என்றே எழுதுவேன்.

இறுதித் தொடரில் எதிரே மீண்டும் வாரியர்ஸ். இம்முறை 73 வெற்றி, 9 தோல்வி என்ற சாதனையோடு வந்த அணி. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது 3-1 என்று பின்னடைவு. அதுவரை அந்த நிலையிலிருந்து மீண்டு எந்த அணியும் இறுதித் தொடரை வென்றதில்லை. வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் தடையால் ஐந்தாவது ஆட்டத்தில் இல்லை. ஜேம்ஸும் இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்தார்கள். ஆறாவதில் ஜேம்ஸ் மறுபடி 41.

2016 ஜூன் 19, ஓக்லண்ட், ஏழாவது ஆட்டம். 89-89 என்று சமநிலைக்கு வந்தபின் கிட்டத்தட்ட நான்கு நிமிடங்கள் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஆடியவர்கள் உலகத்தின் மிகச் சிறந்த எறிவீரர்கள், ஆனால் கால்கள் அத்தனையும் ஓய்ந்திருந்தன. இர்விங் தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு வாரியர்ஸின் ஆண்ட்ரே இக்வடாலாவும் ஸ்டீபன் கரியும் எதிர்முனைக்கு ஓடினார்கள். குறுக்கே ஸ்மித் ஒருவர்தான். கரி கொடுத்த பந்தோடு இக்வடாலா எழும்பியபோது, ஸ்மித்தின் கையைத் தவிர்க்கப் பந்தை ஒரு கணம் கீழே இறக்கி மறுபடி ஏற்றினார். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. களத்தின் மறுபாதியிலிருந்து ஓடி வந்த ஜேம்ஸ் பின்னாலிருந்து பாய்ந்து, பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். கடிகாரத்தில் 1 நிமிடம் 50 நொடி மீதி. அந்த பிளாக்கைப் பார்க்கிறவர்கள் ஸ்மித்தையும் பார்க்க வேண்டும். அவர் சும்மா நின்றிருந்தால் ஜேம்ஸ் வந்து சேர்ந்திருக்க முடியாது.

53 நொடி இருக்கையில், வலது பக்கத்தில் கரியை எதிரே நிறுத்தி, ஒரு எட்டு பின்வாங்கி இர்விங் எறிந்த மூன்று புள்ளிப் பந்து விழுந்தது. அடுத்து வந்தது, பலர் மறந்துவிட்ட காட்சி. உயரமும் எடையும் கொண்ட லவ், வெட்டவெளியில் கரியிடம் தனியாக மாட்டிக்கொண்டார். கரி இடமும் வலமுமாக ஆட்டம் காட்டினார். லவ் விலகவே இல்லை, கடைசிவரை கையை முகத்துக்கு நேரே வைத்திருந்தார். எறிந்த பந்து தவறியது. 93-89. ஜேம்ஸுக்கு 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். தொடர் முழுக்கப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் இரு அணிகளையும் சேர்த்து அவரே முதலிடம்.

இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். வெற்றிப் பந்தை எறிந்தவர் கிளிப்பர்ஸ் உரிமையில் வந்தவர். கரியை மறித்தவர் விகின்ஸுக்கு ஈடாக வந்தவர். தொடர் முழுக்க வளையத்தடியில் போராடிய தாம்சன், 26 தொடர் தோல்விகள் கண்ட சீசனின் கணக்கில் வந்தவர். இர்விங்கைத் தந்த உரிமைக்காக அன்று கைமாறிய மோ வில்லியம்ஸும் இந்த அணிக்குத் திரும்பி வந்திருந்தார், அவருக்கும் கோப்பை மோதிரம் கிடைத்தது. மூன்று நாள் கழித்து நடந்த ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் 13 லட்சம் என்று கணித்தார்கள், அந்த நகரத்தில் வசிப்பவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஜேம்ஸின் நிழலில் ஆட விரும்பாமல் 2017 கோடையில் இர்விங் மாற்றம் கேட்டு பாஸ்டன் போனார். 2018 இறுதித் தொடரில் வாரியர்ஸ் 4-0 என்று துடைத்தெடுத்தது. அந்த ஜூலையில் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்குப் போனபோது, எட்டு ஆண்டுக்கு முன் கண்ட நெருப்பும் கடிதமும் இல்லை. நவம்பரில் லேக்கர்ஸ் சட்டையில் கிளீவ்லேண்டுக்கு வந்தவரை அரங்கம் எழுந்து நின்று வரவேற்றது.

அவர் இல்லாத 2018-19 சீசனை கேவலியர்ஸ் முடித்த கணக்கு 19 வெற்றி, 63 தோல்வி, 2010-11இல் முடித்த அதே கணக்கு. அந்தச் சரிவிலிருந்து ஐந்தாவது இடத்தில் டேரியஸ் கார்லண்ட் கிடைத்தார், 2021இல் மூன்றாவது இடத்தில் இவான் மோப்லி. இர்விங்கைக் கொடுத்து பாஸ்டனிடமிருந்து வாங்கிய, புரூக்ளின் அணியின் டிராஃப்ட் உரிமை 2018இல் காலின் செக்ஸ்டனாக மாறியது. 2022இல் டோனவன் மிட்செலை யூட்டாவிடமிருந்து பெறக் கொடுத்தவர்களில் செக்ஸ்டனும் ஒருவர். மிட்செல், கார்லண்ட், மோப்லி மூவரும் ஆடிய 2024-25இல் அணி 64 ஆட்டங்களை வென்றது. ஜேம்ஸ் இல்லாமல் கிளீவ்லேண்ட் கண்ட மிகச் சிறந்த சீசன் அது.