வெயிலுண்ட மரமும் நிழற்படத் திறனாய்வும்

நிழற்படம் பற்றிய திறனாய்வு, தமிழில் இலக்கியத் திறனாய்வு கண்ட வளர்ச்சியை இன்னும் எட்டவில்லை எனலாம். படமொன்றைக் கண்டதும் ‘அழகு’ என்று பாராட்டுவதோ, ‘இதில் என்ன உண்டு?’ என்று ஒதுக்குவதோ எடுத்தவருக்குப் பயன் தராது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கும் காணக்கூடிய, வெயிலும் மழையும் உண்ட மரத்தைப் பொருளாகக் கொண்ட படங்களை முன்வைத்து, ஆக்கபூர்வமான திறனாய்வு எவ்வாறு அமையலாம் என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதலில் நுட்பம். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைக்கும் இலிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, எஞ்சும் செலுலோசு சாம்பல் நிறங் காட்டுகிறது. பலகை மரங்கள் பலவற்றில் மென்பகுதி விரைந்து தேய, வன்பகுதி வரம்புகளாக எழுந்து நிற்கும். ஆண்டு வளையங்கள் அற்ற பனையோ கரிய நார்க்கற்றைகளாகப் பிரியும். கதவுப் பலகையில் இழை மேலிருந்து கீழாக ஓடுகிறது. உச்சி வெயிலும் அதே திசையில் விழுவதால் வரம்புகளின் நிழல் தோன்றுவதில்லை, படம் தட்டையாகிவிடுகிறது. ‘ஒளி சரியில்லை’ என்பது குறைகூறல் மாத்திரமே. ‘காலையிலோ மாலையிலோ, ஒளி இழைக்குக் குறுக்காகச் சாய்ந்து விழும் வேளையில் மீண்டும் எடுத்துப் பாருங்கள்’ என்பதே திறனாய்வு.

எனினும் திறனாய்வு நுட்பத்தோடு நின்றுவிடலாகாது. அமெரிக்கரான எட்வேட் வெஸ்ரன் 1929இல் எடுத்த சைப்பிரஸ் மரவேர்ப் படம் தூய உருவத்தின் வலிமையை உணர்த்துவது. ஆயின் அவ்வேரை எவரும் அறுத்து இழைத்ததில்லை. நமது கதவும் வளையும் சிலாகையும் வள்ளமும் தச்சரின் உழைப்பால் உருவானவை. 1908இல் வெளிவந்த ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’, எதெல் குமாரசுவாமி எடுத்த படங்களுடன், கைவினைப் பொருளைக் கைவினைஞரின் வாழ்வோடு சேர்த்து நோக்கியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கரையேற்றிய வள்ளத்தின் பலகையும் கைவிடப்பட்ட வீட்டின் கதவும் படத்தில் ஒரே சாம்பல் நிறத்தையே காட்டலாம். முன்னையது கடல், உப்பு, தொழில் ஆகியவற்றின் தேய்வு. பின்னையது வேறு. உள்ளறைக் கதவு வெயிலும் மழையும் படுவதற்காகச் செய்யப்பட்டதன்று. அது நரைத்திருப்பின், அவ்வீடு கூரையை இழந்து நெடுங்காலம் நின்றிருக்க வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்க்கப்பட்டதையும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே வெறுமையானதையும் அறிந்த வாசகருக்கு இதன் பொருள் விளங்கும். அத்தகைய கதவின் ஒரு சாணளவை மட்டும் சட்டத்துள் நிரப்பி இழைக்கோலமாக்கும் படம், கூரை போன செய்தியைத் தன் விளிம்புக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அதன் கவர்ச்சி, இழப்பை அலங்காரமாக்குவதில் முடியும்.

இதனால் எல்லா மரமும் போரையே பேசவேண்டும் என்பது கருத்தன்று. வள்ளப் பலகையின் மீது துயரத்தை ஏற்றுவதும் பொய்யே. தேய்வின் காரணத்தைப் படம் காட்டுகிறதா என்பதே வினா. ஆகவே, நரைத்த கதவைப் படமெடுத்தவருக்கு நாம் கூறத்தக்கவை மூன்று: ஓரடி பின்வாங்கி நிலையையும் திறந்த வானத்தையும் சட்டத்துள் கொணர்க, பக்கவொளிக்குக் காத்திருக்க, இடத்தையும் ஆண்டையும் மரத்தின் பெயரையும் படத்தின் கீழ் எழுதுக. மீளக் குடியேறுவோர் பழைய நிலைகளைப் பெயர்த்துப் புதியன பொருத்தும் நிலையில், இப்படங்கள் கலைப்படைப்புகளாக மட்டுமன்றி ஆவணங்களாகவும் எஞ்சக்கூடியவை. அவற்றைத் திருத்தமுறச் செய்வது திறனாய்வாளரின் பொறுப்புமாகும்.