நின்ற இடமும் நீட்டிய காலும்

2012 மே 6, நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க். மான்செஸ்டர் சிட்டி லீக் பட்டம் வெல்ல இரண்டே ஆட்டங்கள் பாக்கி. ஒரு மணி நேரம் ஆடியும் கோல் விழவில்லை. பயிற்சியாளர் ராபர்ட்டோ மான்சினி, தாக்கி ஆடும் சமீர் நஸ்ரியை வெளியே அழைத்துவிட்டு நைஜல் டி யோங்கை இறக்கினார். கோல் தேவைப்படும் நேரத்தில் தடுப்பவரை யார் இறக்குவார்கள்? ஆனால் பின்வரிசைக்கு முன்னால் டி யோங் வந்து நின்றதும், அதுவரை அந்தக் காவலுக்குக் கட்டுப்பட்டிருந்த யாயா டூரேயால் முன்னேற முடிந்தது. 70ஆம் நிமிடத்தில் ஒரு கோல், 89ஆம் நிமிடத்தில் இன்னொன்று, இரண்டும் டூரே அடித்தவை. அடுத்த ஞாயிறு, 44 ஆண்டுகளுக்குப் பிறகு சிட்டி சாம்பியன் ஆனது.

டி யோங்கை எடைபோட இந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். உலகம் பார்ப்பது வேறொன்றை. 2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், நெதர்லாந்தும் ஸ்பெயினும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 28ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் டி யோங்கின் பூட்ஸ் பதிந்தது. நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள் அட்டை. தன் பார்வை மறைக்கப்பட்டிருந்ததென்றும், சிவப்பு அட்டையே காட்டியிருக்க வேண்டுமென்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

டி யோங்கின் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். முரட்டுத்தனமே அவருடைய திறமை, சில நாள் அது எல்லை மீறியது என்பது இரு தரப்பின் கணக்கு. இந்தக் கணக்கு தவறு. அவருடைய திறமை, நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. எதிரணி பந்தை எங்கே அனுப்பப் போகிறது என்பதை ஊகித்து, அந்தப் பாதையில் முன்கூட்டியே போய் நின்றுவிடுவார். அப்படி நின்ற நாட்களில் காலை நீட்டிப் பாய வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. ஊகம் தவறி, ஒரு விநாடி தாமதமாக வந்து சேர்ந்தபோதுதான் அந்தப் பயங்கரமான டேக்கிள்கள் நடந்தன. அவை அவருடைய கலையின் மிகுதி இல்லை, கலை கைவிட்ட தருணங்கள்.

இந்த ஊகிக்கும் திறன் எங்கிருந்து வந்தது? 1984இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். தந்தை ஜெர்ரி டி யோங்கும் நெதர்லாந்துக்கு ஆடியவர். அயாக்ஸில் ஆடத் தொடங்கிய காலத்தில் மகன் தாக்குதல் வரிசையில்தான் இருந்தார். 2003இல், 18 வயதில், சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனலுக்கு எதிராக ஹைபரி மைதானத்திலேயே கோல் அடித்தார். 2006இல் ஹாம்பர்க் போன பிறகே நடுக்களக் காவல் அவருடைய நிரந்தர வேலையானது. தாக்குபவர் எந்த இடைவெளியைத் தேடுவார் என்பதை, அதை முன்பு தானே தேடியவர் என்ற முறையில் அறிந்திருந்தார்.

குறைகளும் சிறியவை இல்லை. பந்து கைவந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார். முன்னோக்கி ஆட்டத்தைத் திறக்கும் நீண்ட பாஸ் அவரிடம் அரிது. சிட்டிக்கு ஆடிய 104 லீக் ஆட்டங்களில் ஒரே கோல்தான் அடித்தார். டூரேயோ டேவிட் சில்வாவோ அருகில் இருந்தால் இந்தக் குறை தெரியாது. 2010இல் நெதர்லாந்துப் பயிற்சியாளர் பெர்ட் வான் மார்வைக் அவருக்குத் துணையாக நிறுத்தியதோ மார்க் வான் பொம்மலை. இருவருக்குமே தடுப்பதுதான் முதல் வேலை. இறுதி ஆட்டம் முழுவதையும் நெதர்லாந்து எதிரணிக்கு எதிர்வினையாகவே ஆடியது. யோஹான் கிரைஃப் தன் நாட்டு அணியையே வெளிப்படையாகச் சாடியதற்குக் காரணம் இந்த அமைப்பு. பழி முழுவதையும் டி யோங் தலையில் போடுவது நியாயமாகாது.

நான்கு ஆண்டு கழித்து, 2014 ஜூலை 9 அன்று சாவ் பாவ்லோவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியைப் பாருங்கள். பத்து நாள் முன்பு மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தொடை இடுக்கில் காயப்பட்டு வெளியேறியவர், உடல் முழுதும் தேறுமுன்பே மெஸ்ஸியைக் கவனிக்கக் களம் இறங்கினார். 62 நிமிடம் நிழலாகத் தொடர்ந்தார். மெஸ்ஸி பந்தைப் பெறும் இடத்தையே சுருக்கினார். ஆர்ஜென்டினா வென்றது பெனால்டிகளில்தான்.

அப்படியானால் தாமதமாக வந்து காலை நீட்டும் அந்தக் குறை ஏன் கடைசிவரை திருந்தவில்லை? களத்தில் உரிய தண்டனை கிடைக்காததால்தான் என்பேன். 2010 மார்ச்சில் நட்பு ஆட்டம் ஒன்றில் டி யோங்கின் டேக்கிளில் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ஹோல்டனின் கால் முறிந்தது. அக்டோபரில் நியூகாசிலின் ஹாத்தெம் பென் அர்ஃபாவின் காலில் இரண்டு எலும்பும் உடைந்தன. நடுவர் அதைத் தவறாகக்கூட அறிவிக்கவில்லை. 2016இல், 31 வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸிக்கு ஆடும்போது டார்லிங்டன் நாக்பேயின் கணுக்காலை மிதித்ததற்கும் களத்தில் கிடைத்தது மஞ்சள் அட்டையே. மூன்று ஆட்டத் தடை பிறகுதான் வந்தது. பென் அர்ஃபா விஷயத்தில் உடனே தண்டித்தவர் வான் மார்வைக். இறுதி ஆட்டத்தில் டி யோங்கை நம்பி இறக்கிய அதே மனிதர், அடுத்த இரண்டு தகுதிச் சுற்று ஆட்டங்களுக்கு அவரை அணியிலிருந்து நீக்கினார். ஜோகன்னஸ்பர்கில் அந்த 28ஆம் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை எழுந்திருந்தால், பென் அர்ஃபாவின் கால் தப்பியிருக்கும் என்றே நம்புகிறேன்.