மண்டையோடும் வாளும்

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்திலே, சிறப்பாகப் பல்கலைக்கழக நகரான லைடனிலே, 'வனித்தாஸ்' எனப்படும் நிலையாமை ஓவியங்கள் பெருகின. விவிலியத்தின் பிரசங்கி ஆகமத்திலிருந்து பெற்ற பெயர் அது. நாலடியாரைச் 'செல்வம் நிலையாமை'யில் தொடங்கிக் கற்ற நமக்கு இக்கருத்துப் புதியதன்று. அதனை உணர்த்த அவ்வோவியர் தேர்ந்த பொருள்களே நம் சிந்தனைக்குரியன.

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள ஹார்மன் ஸ்டீன்வைக்கின் படைப்பை எடுத்துக்கொள்வோம். 1640 அளவிலே சிறியதோர் ஓக் பலகையில் தீட்டப்பட்டது. இடப்புறச் சுவர் வெறுமையாய்க் கிடக்க, அதன் குறுக்கே சாய்ந்து வரும் ஒளிக்கற்றை மண்டையோட்டின்மேல் விழுகிறது. அருகே அணைந்துபோன விளக்கு. சுற்றிலும் நூல்கள், இசைக்கருவிகள், பட்டுத்துணி, அரியதொரு சங்கு, யப்பானிய வாள். கல்வியும் இன்பமும் செல்வமும் அதிகாரமும் கழிந்தொழியும் என்பது பாடம்.

அந்த வாள் லைடன் மேசைக்கு எவ்வாறு வந்தது? 1639இல் போர்த்துக்கேயர் வெளியேற்றப்பட்டபின் யப்பானுடன் வாணிபம் நடத்திய ஐரோப்பியர் ஒல்லாந்தர் மட்டுமே. அவ்வாணிபம் 1602இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பனியின் கையில் இருந்தது. (1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய அதே கம்பனிதான்.) சாதிக்காய்க்காக 1621இல் பண்டாத் தீவுகளைக் கூன் என்னும் ஆளுநன் வென்றபோது, தீவுமக்களிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், அல்லது அடிமைகளாயினர். ஓவியத்து மண்டையோடோ பெயரற்றது. எவர் செத்தாலும் ஒன்றே என்கிறது. புல்லாங்குழலையும் வாளையும் ஒரே நிரலில் வைத்து, இரண்டும் வீண் என்கிறது. மனிதன் மனிதனுக்கு இழைத்த சாவை இயற்கையின் சாவோடு கலந்துவிடும் இச்சமத்துவம் வாங்குவோனின் மனச்சாட்சிக்கு எத்துணை வசதியானது! பற்றறுக்கச் சொல்லும் அப்படமும் அவன் சுவரிலே ஓர் உடைமையாகவே தொங்கிற்று.

ஆயினும், இவற்றை வெறும் சமயப் பிரசாரம் என்று ஒதுக்கும் நண்பர்களுடன் நான் உடன்படேன். கலைஞனின் கொள்கையை மீறியும் யதார்த்தம் வெளிப்படலாம் எனப் பால்சாக்கை முன்னிறுத்தி 1888இல் ஏங்கல்ஸ் எழுதினாரல்லவா? ஸ்டீன்வைக்கின் தூரிகையும் அத்தகையதே. பட்டின் மடிப்பையும் சங்கின் பளபளப்பையும் அது வெறுக்கவில்லை. ஆசையோடு தடவிப் பார்க்கிறது. பொருள்களை வெறுக்கச் சொன்னவன் அவற்றை அத்துணை உண்மையாக வரைந்திராவிடின், அவை எக்கப்பலில் வந்தன என்று கேட்கவே நமக்குத் தோன்றியிராது.