வென்றவரும் வீழ்ந்தவரும்: கேலாங் மற்களம் பற்றிய ஒரு திறனாய்வு

மற்போரைக் கண்டவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவது தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியன. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர். 85-ஆம் பாட்டில், வெற்றி அவனுக்கே என்று ஊரார் சிலரும், அன்று என்று வேறு சிலரும் சொல்லுகின்றனர். அவ்விரு சாராரையும் நக்கண்ணையார் நல்லோர் என்றே குறிக்கின்றார். பின்னர்ச் சிலம்பு ஒலிக்க ஓடி, தம் மனைப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, வென்றவன் அவனே என்று தம் கண்ணால் கண்டதைக் கூறுகின்றார்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே வாதம் சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்திலும் ஒலித்தது. அங்குப் போட்டியிட்டவர்களுள் தலைசிறந்தவர் யார்? கிங்காங்கா, தாராசிங்கா? இவ்வினாவுக்கு ஊரார் தந்த விடை ஒன்று; உலகப் பட்டியல்கள் தந்த விடை மற்றொன்று. இரண்டுமே எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தன என்பதே இங்கு ஆராயத் தக்கது.

களமும் மல்லரும்

சிங்கப்பூரில் ‘உலகம்’ என்று பெயர் பெற்ற கேளிக்கைப் பூங்காக்கள் மூன்று இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வோர்ல்டு, கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்டு, கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் இடையே ஹேப்பி வோர்ல்டு. மூன்றாவது பூங்கா 1930-களின் பிற்பகுதியில் தோன்றி, பின்னாளில் கே வோர்ல்டு எனப் பெயர் மாறியது. அதன் மூடிய விளையாட்டரங்கில் குத்துச்சண்டையும் மற்போரும் நடைபெற்றன. இன்று அப்பூங்காவும் இல்லை, அரங்கும் இல்லை.

பூங்காவின் மற்றக் கலைகளுக்கு மொழி ஒரு வேலியாக நின்றது. மலாய் பங்சாவானைச் சுவைக்க மலாய் அறிந்திருக்க வேண்டும். சீன நாடகத்திற்கும் தமிழ்த் திரைப்படத்திற்கும் அவ்வம்மொழி வேண்டும். மற்போருக்கு மட்டும் மொழி வேண்டியதில்லை. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் பஞ்சாபியரும் ஒரே கணத்தில் ஒரே காரணத்திற்காகக் குரல் எழுப்பக்கூடிய இடம் அது. மல்லரின் உடலே அங்கு உரையாசிரியர்.

கிங்காங் என்று அழைக்கப்பட்டவரின் இயற்பெயர் எமில் சாயா. 1909-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்த அவர், இந்தியாவெங்கும் போட்டியிட்டுப் பின் சிங்கப்பூரையே உறைவிடமாகக் கொண்டார். அவருடைய எடை ஏறத்தாழ 200 கிலோ என்று சொல்லப்பட்டது. தாராசிங் 1928-இல் பஞ்சாபில் பிறந்தவர். 1940-களின் இறுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து, உருளைக்கலம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். ஹர்னாம் சிங் என்பாரிடம் கிரேட் வோர்ல்டு அரங்கில் பயிற்சி பெற்றார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று பெயர் பெற்ற பின் 1952-இல் தாயகம் திரும்பினார். ஆகவே இவ்விருவரின் வரலாற்றிலும் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. ஒருவருக்கு அது தொடக்கம். மற்றவருக்கு அது முடிவிடம்.

வெற்றி என்னும் அளவுகோல்

தாராசிங்கே பெரியவர் என்போர் வெற்றிகளை அடுக்குவர். 1954-இல் ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ பட்டம். 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று பெற்ற காமன்வெல்த் வாகை. 1968 மே திங்களில் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்று பெற்ற உலக வாகை. பட்டியல் நெடியது, பெருமைக்குரியதும் ஆகும்.

ஆயினும் இவ்வளவுகோலில் ஒரு குறை உண்டு. காசுக்கு நடத்தப்படும் காட்சி மற்போரில் யார் வெல்வது என்பது முன்னரே முடிவு செய்யப்படுவது. இதனை 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் இத்தொழிலின் பெருநிறுவனம் ஒன்று தானே ஒப்புக்கொண்டது. தெஸ்ஸை வென்ற செய்தியையே எடுத்துக்கொள்வோம். தேசிய மற்போர்க் கூட்டமைப்பின் உலகப் பட்டத்தை அவர் 1966 ஜனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். பம்பாய்ப் போட்டியின்போது அவருக்கு வயது 52. ஆகவே அவ்வெற்றியைக் கொண்டு ‘உலகில் முதல்வர்’ என்று நிறுவ முயல்வது வலுவற்றது. ஆனால் அதே தெஸ் பின்னாளில் தம் வாழ்க்கை நூலில், தாராசிங் மெய்யான மல்லர், உடலைச் செம்மையாகப் பேணியவர் என்னும் கருத்துப்படச் சான்று பகர்ந்தார். வெற்றிக் கணக்கைவிடக் களத்தில் கைகலந்த ஒருவரின் இச்சொல்லே எடை மிகுந்தது.

முடிவு முன்னமே தெரிந்ததாயின் அது பொய்ச்சண்டை; அதில் திறமை ஏது என்று வினவுவாரும் உளர். மெய்யான போட்டி எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சான்று காண்போம். 1910-இல் இலண்டனில் காமா பயில்வானும் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவும் பொருதனர். ஸ்பிஸ்கோ பெரும்பொழுது தரையோடு தரையாகப் படுத்துத் தம்மைக் காத்துக்கொள்ள, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திற்குப் பின் ஆட்டம் முடிவின்றி நின்றது. 1928-இல் பாட்டியாலாவில் அவ்விருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்திற்குள் காமா வென்றார். இரண்டும் உண்மை, ஆனால் முன்னதில் காண்போர்க்குக் காட்சியில்லை, பின்னதில் கண்ணிமைக்கப் பொழுதில்லை. மெய்ப்போரின் அறம் வேறு, காட்சிப் போரின் அறம் வேறு. ‘பதினெட்டாம் போர்’ கூத்தில் விடியற்காலையில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாதவர் எவருமிலர். அறிந்தே இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். அவன் வீழ்வானா என்பதன்று, எவ்வாறு வீழ்கின்றான் என்பதே அவர்தம் ஆவல்.

மெய்ப்பாடு என்னும் அளவுகோல்

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட நூலொன்றின் முதற் கட்டுரையே மற்போர் பற்றியது. அது விளையாட்டன்று, காட்சி என்றும், மல்லரின் உடலமைப்பே நல்லவன், தீயவன் என்பதை உரைக்கும் குறியீடு என்றும் அவர் விளக்கினார். இக்கருத்துத் தமிழருக்கு வியப்பளிக்காது. உள்ளத்துணர்வு உடலின்வழிப் புலப்படுவதையே தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். அச்சம் தோன்றும் நிலைக்களன் நான்கனுள் விலங்கும் ஒன்று. ஒரு பெருங்குரங்கின் பெயரைத் தாங்கிக் களம் புகுந்தவர் காண்போரிடம் எழுப்ப விழைந்தது அவ்வச்சமே. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் முதலில் வைக்கப்பட்டது கல்வி, அடுத்தது தறுகண். கற்றுத் தேர்ந்த பிடிகளும் கலங்காத பார்வையும் கொண்ட தாராசிங்கிடம் காண்போர் கண்டது இப்பெருமிதம்.

ஆனால் குறியீட்டோடு நின்றுவிடும் பார்த்தின் பார்வை ஒன்றை விட்டுவிடுகின்றது. அதுவே தொழில்நுட்பம். பெருத்த உடல் உடையோர் எல்லாரும் அச்சமூட்டும் மல்லர் ஆகிவிடுவதில்லை. 200 கிலோ எடையைத் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிக் கயிற்றுக்கு வெளியே எறிந்தார் என்னும் கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அக்கதையை அப்படியே ஏற்றாலும், அதனைத் தாராசிங் ஒருவரின் வலிமைக்கே சான்றாகக் கொள்வது பொருந்தாது. எதிர்த்துத் திமிறும் அவ்வளவு பெரிய உடலை எவராலும் தலைக்கு மேல் தூக்க இயலாது. தூக்கப்படுபவர் உரிய கணத்தில் தாமே எம்ப வேண்டும். மேலே சென்றதும் தளராது உடலை விறைத்து நிறுத்த வேண்டும். கணம் தப்பினால் தூக்குபவரின் முதுகோ தூக்கப்படுபவரின் கழுத்தோ முறியும். ஒருவர் செயலாகத் தோன்றுவது உண்மையில் இருவர் செயல்.

வீழ்தலும் அத்தகையதே. மரப்பலகை மேல் மெல்லிய மெத்தையும் அதன்மேல் முரட்டுத் துணியும் விரித்த தளம் அது. முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகு முழுதும் ஒருசேரப் படும்படி வீழ்ந்தால்தான் அதிர்ச்சி பரவி அடங்கும். எடை மிகுந்தவருக்கு அவ்வதிர்ச்சியும் மிகும். முடிவு முன்னமே எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் வலி எழுதப்பட்டதன்று. பெருத்த உடலோடு, ஐம்பது வயதை அணுகியும் கடந்தும், ஊர் ஊராக வீழ்ந்து எழுந்தவர் கிங்காங்.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1955 நவம்பரில் அவர் ஜப்பான் சென்றார். டைகர் ஜோகிந்தர் சிங்குடன் இணைந்து இணையர் பட்டத்தை வென்றார். ஆனால் தனியர் போட்டியில் ரிக்கிடோசானிடம் தோற்று, ஆசிய வாகையை அவருக்கு வழங்கி மீண்டார். போரில் தோற்ற ஜப்பானிய மக்களுக்கு ரிக்கிடோசான் தலைநிமிர்வைத் தந்த நாயகர். விடுதலை பெற்ற இந்தியருக்குத் தாராசிங் அத்தகையவர். ஆசியாவின் இரு நாட்டு நாயகர்களும் ஏறிநின்ற படி ஒன்றே. அப்படி வலுவற்றதாயின் ஏறியவர் உயரம் புலப்பட்டிராது.

காவியம் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். கும்பகருணனின் பேராற்றலைக் கம்பர் முதலில் நிறுத்திக் காட்டிய பின்னரே இராமன் அம்பின் ஆற்றல் விளங்குகின்றது. சாத்தந்தையாரும் 80-ஆம் பாட்டில் ஆமூர் மல்லனின் வலிமையைச் சொல்லிவிட்டே கிள்ளியின் வெற்றியைச் சொல்கின்றார். ஒரு கால் மார்பை அழுத்த, மறுகால் எதிரியின் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைந்த நிலையையும் குறிக்கின்றார். வென்றான் என்று மட்டும் கூறாது, எந்தக் கால் எங்கே இருந்தது என்று கூறிய அப்புலவரே மற்போர்த் திறனாய்வின் முன்னோடி எனலாம்.

இவற்றால் தாராசிங்கின் பெருமை குறைந்துவிடாது. குஸ்தி மரபில் ஊன்றிய அடித்தளம் அவருக்கிருந்தது. தாம் நல்லவர் என்பதைக் காண்போர் ஐயுறாதவாறு நின்றதும் ஒரு கலையே. ஆயினும் களத்தின் உள்ளே நிகழ்ந்ததை மட்டும் கொண்டு மதிப்பிடின், மிகுந்த சுமையைத் தாங்கியவரும், தம் ஆற்றலைப் பிறர் புகழாக மாற்றித் தந்தவரும் கிங்காங்கே. வெற்றியால் தாராசிங் முதல்வர். கலையால் கிங்காங் முதல்வர்.

எஞ்சிய புகழ்

புகழ் பகிரப்பட்ட முறை இதற்கு மாறானது. தாராசிங் இந்தித் திரையுலகில் நாயகரானார். 1962-இல் ‘கிங் காங்’ என்னும் பெயரோடு வந்த படத்திலும் நாயகர் அவரே. 1987-இல் தொடங்கிய ‘இராமாயணம்’ தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக வந்து வீடுதோறும் வணங்கப்பட்டார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 2012-இல் மறைந்தார். அமெரிக்க மற்போர் நிறுவனம் 2018-இல் தன் புகழ் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. கிங்காங்கோ ஜொகூரில் நேர்ந்த கார் விபத்தில் அடிபட்டு, 1970 மே திங்களில் சிங்கப்பூரில் உயிர் நீத்தார். அனுமன் வேடமும் அவை உறுப்பினர் பதவியும் மற்களத்தில் ஈட்டியவை அல்ல. எனினும் பின்வந்தோர் அவற்றையும் சேர்த்தே மல்லரின் தரத்தை எடைபோட்டனர். புகழ் வேறு, தரம் வேறு என்னும் தெளிவு இலக்கியத் திறனாய்விலும் அடிக்கடி தவறிவிடும் ஒன்று.

தமிழர் பேச்சு வழக்கு மட்டும் ஓரளவு நடுநிலை காத்தது. வலியவனைத் தாராசிங் என்றும், பருத்தவனைக் கிங்காங் என்றும் அது அழைத்தது. இரு பெயரையும் பிரிக்காமல் ‘கிங்காங்–தாராசிங்’ என்று சேர்த்தே சொல்லிற்று. கேலாங் அரங்கில் எழுந்த வாதத்தின் எதிரொலியாக அவ்விணைப்பைக் கொள்ளலாம். ஒருவரின்றி மற்றவர் இல்லை என்பதைக் கண்டவர்கள் அறிந்திருந்தனர்.

எனினும் ஒரு குறை எஞ்சுகின்றது. புறநானூற்றில் வென்றவனின் பெயர், பட்டம், குடி, தந்தை தித்தன் என யாவும் நிற்கின்றன. வீழ்ந்தவனுக்கு ஆமூர் மல்லன் என்று ஊரும் தொழிலும் மட்டுமே எஞ்சின. பெற்றோர் இட்ட பெயர் இல்லை. எமில் சாயா என்று சொன்னால் இன்று அறிவார் சிலரே. கிங்காங் என்றால் பலரும் அறிவர். வீழ்ந்தவனின் வலிமையைப் போற்றிய புலவரும் அவன் பெயரைக் காத்துத் தரவில்லை. அக்கடனைத் தீர்ப்பது பின்வரும் திறனாய்வாளர் பொறுப்பு.