சனேலே முஹோலியின் படைப்பில் பெயரும் பாலும்

தென்னாப்பிரிக்காவின் உம்லாசியில் 1972இல் பிறந்த ஒளிப்படக் கலைஞர் சனேலே முஹோலி, தம்மைக் 'காட்சிவழிச் செயற்பாட்டாளர்' என்றே அழைத்துக்கொள்பவர். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு தன்பால் ஈர்ப்பினர்க்குச் சமவுரிமை வழங்கியும், அவர்கள்மீதான வன்முறை ஓயவில்லை. இம்முரணே அவர்தம் பணிக்குக் களமாயிற்று. 2006இல் தொடங்கிய 'முகங்களும் கட்டங்களும்' என்னும் கறுப்புவெள்ளை வரிசையில், படத்திலுள்ளவரின் பெயரும் ஊருமே தலைப்பு. ஈண்டுப் பெயரிடலே ஆவணமாகிறது.

2012இல் தொடங்கிய தற்படவரிசைக்குச் சூலு மொழியில் 'சொம்ன்யாமா ங்கொன்யாமா' எனப் பெயரிட்டார். அவ்வரிசையின் 'பெஸ்டர்' படங்கள் வீட்டுப்பணியாளராக உழைத்த தாயை நினைவுகூர்வன. ஒன்றில் துணிக்கவ்விகளே தலையணியாகின்றன.

இத்தலைப்பின் மொழிபெயர்ப்பு ஆய்தற்குரியது. சூலு மொழியில் பால்பகா நிலையில் சிங்கத்தைச் சுட்டும் இச்சொல் மன்னர்க்கும் வழங்கும். 2018இல் வெளிவந்த நூலின் ஆங்கிலத் தலைப்போ அதனைப் பெண்சிங்கம் ஆக்குகிறது. அது படைப்பாளர் ஏற்ற தேர்வே. எனினும் மூலச்சொல்லின் பொருளன்று. ஆங்கிலவழிப் பெயர்ப்போர் அப்பாற்குறிப்பையும் உடன்கொணர்வர். ஆங்கிலத்தில் ஆண், பெண் என்னும் பால்சுட்டாப் பெயரையே தமக்குரியதாகக் கொண்ட ஒருவர்க்கு அது முற்றும் பொருந்தாது. 'கருஞ்சிங்கமே வாழி' என்பது மூலத்திற்கு நெருங்கியது. ஒருவரைச் சிறப்பிக்கும் பலர்பால் வழக்கால் 'அவர்' என்னும் தமிழ்ச்சொல்லும் இயல்பாகவே அவர்க்கு அமைகின்றது.